முறைக்கு ஆகாத ரத்தம்

விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்க்கவேண்டும் என்று நர்ஸ் இருதயமேரி வந்து சொன்னதும், கூட வந்திருந்த சனத்தில் பாதிப் பேருக்குமேல் டீ குடிக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. காலையில் முண்டியம்பாக்கத்தில் பாசஞ்சர் ஏறியதிலிருந்து திண்டிவனத்தில் இறங்குகிறவரைக்கும் வெள்ளையம்மாளுக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் அவர்கள். பெரிய நாத்தனார் புருஷன் விருத்தாசலம்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தோ வந்துடறேன்" என்று முதலில் கிளம்பினார். அவர் பின்னால் சின்ன மாமனார் அப்பாதுரை, அவருக்கும் பின்னால் அவருடைய பிள்ளைகள். டீக்கடை ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேர் எதிரில்தான் இருந்தது. அதையும் தாண்டி அவர்கள் மார்க்கெட் பக்கமாக நடந்துகொண்டே போனதை வார்டு ஜன்னல் வழியாக வெள்ளையம்மாள் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டாள்.

மிச்சம் நின்றது மூன்று பேர். புருஷன் சுப்பராயலு, அவளுடைய அண்ணன் தாண்டவராயன், மாமியார் சின்னபொண்ணு. மாமியாரை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். சொந்தத் தாய்மாமன் பெண்டாட்டி, பிறந்ததிலிருந்தே அத்தை. அந்த அத்தைதான் எல்லோருக்கும் முந்தி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரலை நீட்டினாள். "எங்கிட்டயே எடுத்துக்கம்மா, எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்க" என்றாள். அவள் உடம்பில் எடுக்க என்ன இருக்கிறது என்று இருதயமேரி கேட்கவில்லை. விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளையம்மாளுக்கு முப்பத்தொன்று நடந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். நடுவில் இரண்டு முறை கரு தங்கி, இரண்டும் மூன்றாம் மாசத்தைத் தாண்டவில்லை. அப்புறம் அதுவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், தூரமானால் உதிரம் நிற்பதில்லை என்ற பேஜாரு தொடங்கியது. முதலில் எட்டு நாள், பிறகு பத்து, கடைசியில் மாசத்தில் பாதிக்குமேல் அவள் மாட்டுக்கொட்டாய்ப் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்தாள். அடுப்படிக்குள் போகக்கூடாது, விளக்கைத் தொடக்கூடாது. ஆனால் கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகலாம், அதற்கு மட்டும் தீட்டு கிடையாது. பெரும்பாடு என்று சொல்லி வாழைப்பூச் சாறு, அத்திப்பட்டைக் கஷாயம் எல்லாம் அத்தை இடித்துக் கொடுத்தாள். வயிறு வேறு மேடிட்டுக்கொண்டு வந்தது. பார்த்த பொம்பளைகள் எத்தனை மாசம் என்று கேட்க, அவள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு அடுத்த சாலுக்குப் போய்விடுவாள். போன மார்கழியில் கழனியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் சுப்பராயலு வண்டி கட்டி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே பார்த்த டாக்டர், உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லித் திண்டிவனத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். திண்டிவனத்தில் பாதிரிமார் நடத்துகிற ஆஸ்பத்திரியில் வேலூரில் படித்த டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார், பெயர் ராஜாமணி.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன. புற்று இல்லை, பயப்படவேண்டாம், ஆனால் ரத்தத்தை எல்லாம் இவைதான் குடிக்கின்றன. செய்வதற்கு மூன்று வழி. ஒன்று, கத்தியே வைக்காமல் ஊசியும் இரும்புச்சத்து மாத்திரையும் போட்டு ஓட்டுவது. தூரம் நிற்கிற வயசு வந்தால் கட்டி தானாகச் சுருங்கிவிடும். ஆனால் அதற்கு இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது, அதுவரைக்கும் இவள் தாங்கமாட்டாள். இரண்டாவது, பையோடு மொத்தமாக எடுத்துவிடுவது. ரத்தக்குழாயை அடியிலேயே கட்டிவிட்டு அறுப்பதால் சேதம் குறைவு, பிறகு தொந்தரவே கிடையாது, பிள்ளையும் கிடையாது. மூன்றாவது, பையை விட்டுவிட்டுக் கட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது.

"தோண்டற எடத்துல எல்லாம் ரத்தம் கொட்டும். ஒரு பாட்டிலாவது கையில இல்லாம நான் அதத் தொடவே மாட்டேன். எடுத்த பிறகும் மறுபடி முளைக்கலாம். பிள்ளை நிக்கும்னும் என்னால எழுதிக் குடுக்க முடியாது. நீ யோசிச்சுச் சொல்லும்மா."

நீ யோசித்துச் சொல் என்று அவளைப் பார்த்து ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் யோசிப்பதற்கு முன்னால் அத்தை சொல்லிவிட்டாள். "பைய எடுக்கறதுக்கு நாங்க ஒத்துக்க மாட்டோம், டாக்டரம்மா. கட்டிய மட்டும் எடுங்க. பொட்டச்சிக்கு அதுவும் இல்லன்னா அப்பறம் இன்னா இருக்குது?" வெள்ளையம்மாளுக்கு அந்தப் பேச்சின் பின்பாதி பிடிக்கவில்லை, முன்பாதி பிடித்திருந்தது. அவளுக்குப் பிள்ளை வேண்டும். ஊருக்காகவும் இல்லை, காணி பூமிக்காகவும் இல்லை. கரு தங்கிய அந்தச் சில வாரங்களில் ராத்திரி புரண்டு படுக்கும்போது வயிற்றுக்கு ஒரு கை கொடுத்துப் புரள்வாளே, அந்தப் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. ஒரு மாசம் ஊசி போட்டு உடம்பைத் தேற்றி, ரத்தம் கொடுக்க ஆளோடு வரச்சொல்லி டாக்டரம்மா அனுப்பியிருந்தார். மெட்ராஸில் என்றால் காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். திண்டிவனத்தில் சொந்தக்காரர்கள்தான்.

ஊரில் இன்னொரு பேச்சும் இருந்தது. விருத்தாசலத்தின் மகள் ஜெயத்துக்கு வயசு பதினேழு. சுப்பராயலு அவளுக்குத் தாய்மாமன், கேட்கவேண்டியதே இல்லை, முறைக்காரன். வாரிசு இல்லாத வீட்டில் இரண்டாவதாக ஒருத்தி வந்து நிற்பது சட்டப்படி இப்போது கூடாதாம், ஆனால் சட்டம் விக்கிரவாண்டியைத் தாண்டி அவர்கள் ஊருக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை. ஜெயம் பாவம், வெள்ளையம்மாள் மடியில் படுத்துப் பேன் பார்க்கச் சொல்கிற பெண். கைக்கடிகாரம் கட்டிய மாப்பிள்ளையாகப் பார்க்கச் சொல் அத்தை என்று அவளிடமே காதில் சொல்லியிருக்கிறாள்.

அரை மணி கழித்து இருதயமேரி திரும்பி வந்தாள். அத்தையின் ரத்தம் சேரவில்லை. அண்ணன் தாண்டவராயனுடையதும் சேரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு எப்படிச் சேராமல் போகும் என்று அவன் நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டான். சுப்பராயலுவுடையது மட்டும் அப்படியே பொருந்திவிட்டது. "உங்க வூட்டுக்காரரே குடுக்கலாம், நல்ல ரத்தம். நாளைக்குக் காலைலயே ஆபரேஷன்" என்று இருதயமேரி சந்தோஷமாகச் சொன்னாள். வெள்ளையம்மாளுக்கும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கலைந்திருந்த கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள்.

மார்க்கெட் பக்கம் போயிருந்தவர்கள் ஊசி வேலை முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணிச் சரியாக அப்போது வந்து சேர்ந்தார்கள். வந்த செய்தியைக் கேட்டதும் சுப்பராயலுவின் சித்தப்பா அப்பாதுரை வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். சுற்றுவட்டாரத்தில் யார் யாருக்கு என்ன முறை, எந்தப் பெண்ணை எந்தப் பையனுக்குக் கொடுக்கலாம், எது ஆகாது என்பதில் அவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. தலைக்குள் ஊர் ஊராகப் பங்காளி வரிசை வைத்திருந்தார். மரம் ஜன்னலை ஒட்டினாற்போல்தான் இருந்தது. அவர் பேசுவது வெள்ளையம்மாளுக்கு ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது.

"நம்ம கண்ணையன் கதை மறந்து போச்சா?" என்று ஆரம்பித்தார். கண்ணையன் கதை ஊருக்கே தெரியும். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றவளுக்கு விஷக் காய்ச்சல் கண்டு, அத்தைக்காரி எடுத்து அவனுக்கு மார் கொடுத்தாள். வளர்ந்த பிறகு அந்த அத்தை மகளையே கட்டவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். ஒரே மார்ப் பால் குடித்தவர்கள் அண்ணன் தங்கை என்று ஊர் கூடி மறுத்துவிட்டது. மறுத்துச் சொன்னதும் அப்பாதுரைதான். "பால் குடிச்சதுக்கே முறை மாறிப் போச்சு. பாலே ரத்தத்துல இருந்து வர்றதுதான். இவன் ஒடம்பு ரத்தத்த எடுத்து அவ ஒடம்புல வுட்டா அவ இவனுக்கு இன்னா ஆவறா? பங்காளி வூட்டுப் பொண்ணு. தங்கச்சி. அப்பறம் பொண்டாட்டின்னு எப்பிடி வச்சிக் குடும்பம் பண்றது?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வெள்ளையம்மாளைப் பயமுறுத்தியது. தாண்டவராயன்கூட வாயைத் திறக்கவில்லை. அத்தை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையை எடுக்கக்கூடாது என்று அடித்துப் பேசினவள் அவள்தான். இப்போது பையைக் காப்பாற்றப்போகிற ரத்தமே மருமகளை மகளாக்கிவிடும் என்றால் அவள் எந்தப் பக்கம் போவாள். விருத்தாசலம் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பிடின்னா பைய எடுத்துடறதுதான் வழி. உசுரு முக்கியம். மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்றார். இருதயமேரி வெளியே போய் அவர்களுக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். அப்பாதுரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "உங்கள்ல அது சரியா இருக்கும்மா. எங்கள்ல முறை வேற" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெள்ளையம்மாள் கட்டிலில் படுத்தபடி கணக்குப் போட்டாள். படிக்காதவள்தான், ஆனால் எந்தக் கழனிக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று வரப்பில் நின்றே சொல்லிவிடுகிறவள். பையை எடுத்தால் பிள்ளை இல்லை, ஜெயம் வருவாள். ரத்தம் ஏற்றினால் தங்கச்சி என்பார்கள், ஜெயம் வருவாள். ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போனால் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, ரத்தம் வற்றிச் செத்துப்போவாள், அப்போதும் ஜெயம்தான். மூன்று வழியிலும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. ஆனால் மூன்றில் ஒரு வழியில் மட்டும்தான் பையும் இருக்கும், உயிரும் இருக்கும். அதற்குமேல் யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. இருதயமேரியிடம் சொல்லி சுப்பராயலுவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அவன் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்லவன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. யாராவது உரக்கப் பேசினால் அவர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்று நினைத்துவிடுவான், அது ஒன்றுதான் அவனிடம் குறை.

"மாமா, நீ இன்னா சொல்ற?"

"சித்தப்பா சொல்றாரு..."

"அவரு சொல்றத நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். நீ இன்னா சொல்ற?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "ஏத்தின ரத்தம் மூணு நாலு மாசத்துல கரைஞ்சி பூடும், உனுக்குப் புதுசா ஊறிக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அப்பிடின்னா மூணு மாசம் போனா முறை பழையபடி ஆய்டுமான்னு சித்தப்பாவ கேட்டேன். கெட்ட முறை கெட்டதுதான்றாரு."

அவன் நிஜமாகவே போய்க் கேட்டிருக்கிறான். வெள்ளையம்மாளுக்கு அவனை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. "உங்க அப்பாவும் எங்க அம்மாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க. அந்த ரத்தம் எனக்குள்ள பொறக்கச்சயே ஓடிச்சி. அப்ப கெடாத முறையா?" என்றாள்.

"அது பொம்பள வழியா வந்தது. கணக்குல வராது. ஆம்பள ரத்தந்தான் பங்காளியாம்."

இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். வேண்டும் என்று யோசித்து எதையும் அவள் சொல்லவில்லை, அதுவாகத்தான் வந்தது. "ரெண்டு தபா எனக்குக் கரு தங்கிச்சே மாமா. அது ஆம்பள ரத்தம்தான? உன்னோடதுதான? எனக்குள்ளதான இருந்திச்சி. அது இருக்கச்ச நான் உனுக்கு இன்னா முறை?"

சுப்பராயலு கட்டில் கம்பியை விட்டுவிட்டான். அந்த இரண்டைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே கிடையாது. இரண்டாவதை அவன்தான் பழந்துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கிணற்றுமேட்டில் புதைத்தான். அந்த இடத்தில் மட்டும் ஏர் ஓட்டாமல் சுற்றிக்கொண்டு போவான் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அவன் திரும்பி வெளியே போனான். வேப்பமரத்தடிக்குப் போவான் என்று நினைத்து அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். அங்கே அவன் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இருதயமேரி ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வார்டு வழியாகப் போனாள், போகிற போக்கில் அவள் கட்டிலருகே நின்று காட்டினாள். கறுப்பாக, வெல்லப் பாகு மாதிரி இருந்தது.

"இப்பதான் எடுத்தோம், இன்னும் சூடு இருக்குது. தொட்டுப் பாக்கறீங்களா?"

அவள் தொட்டுப் பார்த்தாள்.

அப்பாதுரை சித்தப்பா சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டார். அவரோடு விருத்தாசலமும் பையன்களும் போனார்கள். போகும்போது யாரும் வார்டுக்குள் வந்து சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. நடந்தவரைக்கும் மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உள்ளே போகும்போது ஏதாவது தெரியும் என்று எதிர்பார்த்தாள். கை கொஞ்சம் சில்லென்று இருந்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தேங்காய் அளவில் ஒன்று, எலுமிச்சம்பழ அளவில் நாலு என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். நடுவில் ஒருமுறை ரத்தம் நிற்காமல் பயம் காட்டிவிட்டது, பாட்டில் இல்லாவிட்டால் பையையும் எடுத்திருப்பேன் என்றார். "பை இருக்குது. ஒரு வருஷமாவது ஆறட்டும். அப்புறம் உன் பாடு, உன் வீட்டுக்காரர் பாடு."

அடுத்த நாள் மத்தியானம் அத்தை கஞ்சி கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல்லைக் கூட்டி அவளே காய்ச்சியது, கேப்பங்கஞ்சி, உப்பு போட்டு வடிகட்டியிருந்தாள். வெள்ளையம்மாளின் தலையைத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டினாள். பெற்ற தாய் செத்த பிறகு யாரும் வெள்ளையம்மாளுக்கு ஊட்டியதில்லை. அத்தையின் கண் இரண்டும் ராத்திரி முழுக்க அழுததில் வீங்கியிருந்தது. பாதிக் கஞ்சியில் கரண்டியை நிறுத்தினாள்.

"நான் யோசிச்சிப் பாத்துட்டேன், வெள்ள. ஊரு ஆயிரம் பேசும். பேசிட்டுப் போவட்டும், உன்ன நான் வுட மாட்டேன். உங்க அண்ணன் வூட்டுக்கும் அனுப்ப மாட்டேன். நான் பெத்தது ரெண்டு பொண்ணு, மூணாவதா நீ இரு. எந்தக் கொறையும் வைக்க மாட்டேன்." முந்தானையால் அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். "இனிமே என்ன அத்தைன்னு கூப்புடாதம்மா. அம்மான்னு கூப்புடு."

இதைவிடப் பிரியமாக யாரும் அவளிடம் பேசியது கிடையாது. அந்த மனுஷி பொய்யாகச் சொல்லவில்லை, சூது வைத்தும் சொல்லவில்லை. மருமகளைத் தள்ளிவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாகிறவரைக்கும் அந்த வீட்டில் சோறு உண்டு, பேச்சுக்கு ஆள் உண்டு. அவள் அத்தையின் கையை மெதுவாக ஒதுக்கினாள். "போதும், அத்தை" என்றாள். அத்தையின் முகம் சுருங்கிப்போனது.

சுப்பராயலு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவன் உள்ளே வரவில்லை. இளநீர் வாங்கிவந்தான், பிளாஸ்கில் சுடுதண்ணீர் பிடித்துக் கொடுத்தான், எல்லாவற்றையும் வாசற்படி வரைக்கும் கொண்டுவந்து அத்தையிடமோ இருதயமேரியிடமோ நீட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வார்டில் இருந்த அத்தனை பொம்பளைகளும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவள் கூப்பிட்டாள்.

"மாமா."

பெஞ்சு கிறீச்சிட்டது. அவன் வாசற்படியில் வந்து நின்றான். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, கையைக் கொஞ்ச நேரம் மடக்கி வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். எப்போது நீட்டலாம் என்று யாரும் சொல்லவில்லைபோல் இருக்கிறது, மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் அதை மடக்கியபடியே வைத்திருந்தான். கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். வெள்ளையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை நகர்த்தி, அப்புறம் இன்னொரு காலை நகர்த்தி, சுவர்ப் பக்கமாக ஒதுங்கிப் படுத்தாள். கட்டிலில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விழுந்தது.